வேர்டில் மூன்று வரி எழுத்து டெம்ப்ளேட்: வரி இடைவெளியைக் குறைத்தால் புள்ளி வெட்டுப்படுகிறது

நூல்கண்டு கேட்டது:

வணக்கம். 2 மி.மீ. கிளிட்டர் ஃபோம் ஷீட்டில் எழுத்து வெட்டி, கறுப்பு வெல்வெட் சுற்றிய போர்டில் ஒட்டுவதற்கு டெம்ப்ளேட் வேண்டும். வாசகம் ‘இனிய பிறந்தநாள் வாழ்த்துகள்’. வரிக்கு ஒரு சொல், மொத்தம் மூன்று வரி. வேர்ட் 2016, ஏ4 தாள் படுக்கைவாட்டில், மார்ஜின் நாலு பக்கமும் 2.54 செ.மீ. யூனிகோட் எழுத்துரு, போல்ட், 147 பாயின்ட். ‘ப’வின் உயரம் 25 மி.மீ. வேண்டும், அது சரியாக வந்துவிட்டது.

தகராறு வரி இடைவெளியில்தான். ஒரு பக்கத்தில் இரண்டு வரிதான் நிற்கிறது, ‘வாழ்த்துகள்’ அடுத்த பக்கத்துக்கு ஓடிவிடுகிறது. லைன் ஸ்பேசிங்கை சிங்கிள் ஆக்கினால் கொஞ்சம் குறைகிறது, போதவில்லை. எக்ஸாக்ட்லி 120 கொடுத்தால் மூன்று வரியும் ஒரே பக்கத்துக்கு வந்துவிடுகிறது. ஆனால் ‘ள்’, ‘ழ்’ தலைப் புள்ளிகள் பாதியாக வெட்டுப்படுகின்றன, ‘பி’யின் மேல் வளைவும் தட்டையாகிறது. எண்ணை ஏற்றிக்கொண்டே போனால் 170 பக்கம் புள்ளி முழுசாகிறது, ஆனால் மூன்றாவது வரி பழையபடி அடுத்த பக்கம்.

இதே தாளை ஒட்டும்போது இடம் பார்க்கவும் பயன்படுத்த வேண்டும். அதனால் தாளில் உள்ள இடைவெளிதான் போர்டிலும் வரும். வரிகளுக்கு நடுவே எண் எவ்வளவு என்று குத்துமதிப்பாக இல்லாமல் கணக்குப் போட வழி உண்டா? புள்ளி வெட்டுப்படாமல் இருக்க என்ன செய்வது?


இரும்பு ஸ்கேல் எழுதியது:

147 பாயின்ட்டை முதலில் மி.மீ. ஆக்கிப் பாருங்கள். 72 பாயின்ட் ஓர் அங்குலம், அதாவது 25.4 மி.மீ. அந்தக் கணக்கில் 147 பாயின்ட் 51.9 மி.மீ. உங்கள் ‘ப’ அதில் 25 மி.மீ. மட்டும்தான். மீதிப் பாதி வீண் போகவில்லை. மேலே புள்ளிக்கும் ‘ி’, ‘ீ’ வளைவுக்கும், கீழே ‘து’, ‘ழ’, ‘ற’ வால்களுக்கும் எழுத்துருவைச் செய்தவர் ஒதுக்கிய இடம் அது. தமிழ் எழுத்துருக்களில் இந்த ஒதுக்கீடு தாராளமாகவே இருக்கும். பல எழுத்துருக்களில் ஒரு வரியின் இயல்பு உயரம் பாயின்ட் அளவையே தாண்டிவிடும். சிங்கிள் என்றால் அந்த இயல்பு உயரம். ‘இடைவெளியே இல்லை’ என்று அர்த்தமில்லை.

வேர்ட் 2013, 2016 பதிப்புகளில் புது ஆவணம் திறந்தால் மல்டிபிள் 1.08, பத்திக்குப் பின் 8 பாயின்ட் என்றுதான் இருக்கும். 11 பாயின்ட் எழுத்தில் இந்த 8 சதவீதம் கண்ணுக்கே தெரியாது. 147 பாயின்ட்டில் இயல்பு உயரம் 200 பாயின்ட் என்று வையுங்கள், 8 சதவீதம் 16 பாயின்ட், அதாவது ஐந்தரை மி.மீ. அதோடு பத்திக்குப் பின் வரும் 8 பாயின்ட் இன்னொரு 2.8 மி.மீ. சிங்கிள் ஆக்கியதும் நீங்கள் பார்த்த ‘கொஞ்சம்’ அதுதான். ஆஃப்டர் கட்டத்திலும் 0 போட்டீர்களா? லைன் ஸ்பேசிங்கை மாற்றினால் அது தானாகப் போகாது. பத்தி பிரியாமல் வரி மட்டும் உடைய வேண்டுமென்றால் என்டருக்குப் பதில் ஷிஃப்ட் + என்டர் அடியுங்கள், ஆஃப்டர் தொல்லையே வராது.

அட் லீஸ்ட் உங்களுக்கு உதவாது. ‘இதற்குக் குறையாமல்’ என்பதுதான் அதன் பொருள். 120 கொடுத்தாலும் எழுத்துருவின் இயல்பு உயரம் 200 என்றால் 200தான் நிற்கும்.

எக்ஸாக்ட்லி மட்டும் சொன்னபடி கேட்கும். ஆனால் அது இடத்தைப் பிடுங்குவது பெரும்பாலும் வரியின் தலைப்பக்கத்திலிருந்து. கீழே எழுத்துருவுக்கு என்று விட்ட வெள்ளை இடம் சும்மா கிடக்க, மேலே புள்ளி வெட்டுப்படும். ‘து’வின் வால் பத்திரமாக இருந்து ‘ள்’ளின் புள்ளி மட்டும் அடிபட்டது அதனால்தான்.

எண்ணை இப்படிக் கண்டுபிடியுங்கள். இப்போது இருக்கும் 147 பாயின்ட்டிலேயே ‘பி’, ‘ள்’, ‘து’, ‘ழ’, ‘ற’ ஐந்தையும் ஒரு தாளில் பிரின்ட் எடுத்து மூன்று அளவு எடுங்கள். ‘ப’வின் மேல் விளிம்பிலிருந்து கீழ் விளிம்பு வரை ஒன்று. அந்த மேல் விளிம்புக்கு மேலே புள்ளியோ வளைவோ எதுவரை போகிறது என்பது இரண்டாவது. ‘ப’ உட்காரும் கோட்டுக்குக் கீழே வால் எதுவரை இறங்குகிறது என்பது மூன்றாவது. ‘ப’வை எடுத்ததற்குக் காரணம், பெரும்பாலான எழுத்துருக்களில் அதன் அடி தட்டையாக இருக்கும். வளைந்த எழுத்துகள் கோட்டைக் கொஞ்சம் தாண்டி நிற்பதால் அளவு ஏமாற்றும். மூன்றையும் இங்கே போடுங்கள். வாலுக்கும் புள்ளிக்கும் நடுவே எவ்வளவு வெற்றிடம் வேண்டும் என்பதையும் சொல்லுங்கள்.


குட்டிக் கத்தரி எழுதியது:

இவ்வளவு கணக்கு எதற்கு? மல்டிபிள் 0.7 போடுங்கள், முடிந்தது.


இரும்பு ஸ்கேல் எழுதியது:

0.7 எழுத்துருவின் இயல்பு உயரத்தைப் பெருக்குகிற எண். இயல்பு 200 பாயின்ட் என்றால் 140 வரும், நமக்குத் தேவையானதற்குப் பக்கத்தில்தான். ஆனால் எழுத்துருவை மாற்றிய உடனே இடைவெளியும் மாறிவிடும், ஸ்கேலில் அளந்து சொல்ல முடியாது. 1க்குக் கீழே போனால் முதல் வரியின் தலை இதிலும் வெட்டுப்படும். திரையில் வெட்டுப்பட்டுத் தெரிவது பிடிஎஃப்பில் சில சமயம் முழுசாக வரும் என்பது உண்மை. அதனால் எந்த முறையானாலும் பிடிஎஃப் ஆக்கிப் பார்த்த பிறகே முடிவுக்கு வாருங்கள்.


நூல்கண்டு எழுதியது:

அளந்தாயிற்று ஸ்கேல் சார். ‘ப’ 25 மி.மீ. அதற்கு மேலே புள்ளியின் உச்சி வரை 9 மி.மீ., ‘பி’ வளைவு அதைவிட ஒரு மயிரிழை குறைவு. கீழே ‘து’, ‘ற’ வால் 9 மி.மீ. வெற்றிடம் 6 மி.மீ. இருந்தால் போதும். ஆஃப்டர் 8 இருந்தது உண்மைதான், இப்போது 0.


இரும்பு ஸ்கேல் எழுதியது:

வால் 9, வெற்றிடம் 6, புள்ளி 9, அடுத்த வரியின் உடல் 25. கூட்டினால் 49 மி.மீ. இதுதான் ஒரு வரி உட்காரும் கோட்டிலிருந்து அடுத்த வரி உட்காரும் கோடு வரை உள்ள தூரம். 49ஐ 25.4ஆல் வகுத்து 72ஆல் பெருக்கினால் 138.9. ஆக 139 பாயின்ட். பெருக்கவே வேண்டாமென்றால் எக்ஸாக்ட்லி பக்கத்துக் கட்டத்தில் 4.9 என்று அடித்து, சென்டிமீட்டருக்கான இரண்டு ஆங்கில எழுத்தைச் சேருங்கள். வேர்டே பாயின்ட் ஆக்கிக்கொள்ளும்.

தாளில் அடங்குமா என்பதையும் பார்த்துவிடலாம். முதல் வரியின் உச்சி முதல் மூன்றாவது வரியின் வால் வரை: 9, 25, 49, 49, 9. மொத்தம் 141 மி.மீ. படுக்கைவாட்டு ஏ4இன் உயரம் 210, மார்ஜின் போக 159. தாராளம்.

இனி கண்ணுக்கான கணக்கு. உங்கள் மூன்று சொல்லையும் வரிவரியாகப் பாருங்கள். ‘இனிய’வில் கீழே இறங்குவது கிட்டத்தட்ட எதுவுமில்லை, சில எழுத்துருவில் ‘இ’ மட்டும் கொஞ்சம் இறங்கும். ‘பிறந்தநாள்’ வரியில் ற, ந, த, மறுபடி ந என்று நாலு வால். அவை ‘வாழ்த்துகள்’ வரியின் மூன்று புள்ளிகளைப் பார்த்தபடி தொங்கும். எல்லா இடத்திலும் 49 வைத்தால் ஸ்கேலுக்குச் சமம், கண்ணுக்குச் சமமில்லை. முதல் வரி மட்டும் கூட்டத்தைவிட்டு விலகி நிற்பதுபோல இருக்கும். வால் இல்லாத வரிக்கு அந்த 9ஐக் கழித்தால் 40 வரும். முழுசாகக் கழித்தாலோ அநியாயத்துக்கு நெருங்கிவிடும். பாதி கழியுங்கள்: முதல் வரிக்கும் இரண்டாவதற்கும் 44, இரண்டாவதற்கும் மூன்றாவதற்கும் 49.

வேர்டின் பத்தி அமைப்பிலேயே இதைச் செய்யலாம். ஒவ்வொரு வரியும் தனிப் பத்தியாக இருக்கட்டும், மூன்றுக்கும் எக்ஸாக்ட்லி 125 (44 மி.மீ. என்பது 124.7). மூன்றாவது பத்திக்கு மட்டும் பிஃபோர் கட்டத்தில் 14. 125 + 14 = 139. ஆனால் 125இல் தலை வெட்டு இன்னும் மோசமாகும், அதற்கு இந்த முறையில் நல்ல மருந்து கிடையாது.


மூலைமட்டம் எழுதியது:

மருந்து உண்டு, வரிக்கு ஒரு டெக்ஸ்ட் பாக்ஸ். பத்தி இடைவெளியை இழுத்துப் பிடித்து இரண்டு வரியை நெருக்குவதைவிட, மூன்று தனிப் பெட்டிகளை ஒன்றின்மேல் ஒன்று ஏறும்படி வைப்பது எளிது. பெட்டிக்குள் சிங்கிள் இடைவெளியே இருக்கும், அதனால் எதுவும் வெட்டுப்படாது. வெற்று இடங்கள்தான் ஒன்றின்மேல் ஒன்று விழும்.

இன்சர்ட் போய் டெக்ஸ்ட் பாக்ஸ், அதில் ட்ரா டெக்ஸ்ட் பாக்ஸ். ஒரு பெட்டி வரைந்து ‘இனிய’ என்று அடித்து 147 பாயின்ட் ஆக்குங்கள். உள்ளே இருக்கும் பத்திக்கு சிங்கிள், பிஃபோர் 0, ஆஃப்டர் 0. பெட்டியின் விளிம்பில் ரைட் கிளிக் செய்து ஃபார்மேட் ஷேப் திறந்தால் ஃபில் பகுதியில் நோ ஃபில், லைன் பகுதியில் நோ லைன். இந்த நோ ஃபில்லை மறந்தால் மேலே ஏறும் பெட்டி தன் வெள்ளையால் கீழே உள்ள வரியின் வாலை மறைத்துவிடும், ‘எங்கே போச்சு என் து’ என்று தேட வேண்டிவரும். அதே பலகத்தில் லேஅவுட் அண்ட் ப்ராப்பர்ட்டீஸ் பகுதியில் டெக்ஸ்ட் பாக்ஸ் என்பதன்கீழ் நாலு மார்ஜினும் 0. பெட்டியின் உயரம் 80 மி.மீ., அகலம் 270 மி.மீ. எழுத்து நடுவில் வர சென்டர் அலைன்மென்ட்.

இப்போது பெட்டியைத் தேர்ந்தெடுத்து ராப் டெக்ஸ்ட்டில் இன் ஃப்ரன்ட் ஆஃப் டெக்ஸ்ட். பிறகு கன்ட்ரோல் + சி, கன்ட்ரோல் + வி, இன்னொரு முறை வி. மூன்று பெட்டிகளும் அச்சு அசலாக ஒரே அளவில், ஒரே எழுத்துருவில், ஒரே பாயின்ட்டில் இருக்க வேண்டும். அப்போதுதான் பெட்டிகளின் மேல் விளிம்புக்கு நடுவே உள்ள தூரம் எழுத்து உட்காரும் கோடுகளுக்கு நடுவே உள்ள தூரமாகும். சொல்லை மட்டும் மாற்றுங்கள்.

இடம் வைப்பதைச் சுட்டியால் இழுத்துச் செய்யாதீர்கள். லேஅவுட் டேபில் பொசிஷன், மோர் லேஅவுட் ஆப்ஷன்ஸ். வெர்டிகல் பகுதியில் ஆப்சல்யூட் பொசிஷன் தேர்ந்து, பிலோ என்ற இடத்தில் பேஜ். முதல் பெட்டிக்கு 2 செ.மீ., இரண்டாவதற்கு 6.4, மூன்றாவதற்கு 11.3. ஸ்கேல் சார் சொன்ன 44, 49 இதிலேயே வந்துவிட்டது. ஹாரிஸான்டல் மூன்றுக்கும் ஒரே எண், பக்கத்திலிருந்து 1.35 செ.மீ. (297இல் 270 போனால் மீதி 27, அதில் பாதி). மூவ் ஆப்ஜெக்ட் வித் டெக்ஸ்ட் டிக்கை எடுங்கள், அலவ் ஓவர்லாப் டிக் இருக்கட்டும்.

மூன்றாவது பெட்டி 113 மி.மீ.இல் தொடங்கி 193இல் முடியும், தாளுக்குள்தான். மேலே வெற்று இடம் தூக்கலாகத் தெரிந்தால் மூன்று எண்ணிலும் ஒரே அளவைக் கழியுங்கள். ஒன்றில் மட்டும் கை வைத்தால் போட்ட கணக்கெல்லாம் போச்சு.

பெட்டிகள் ஒன்றின்மேல் ஒன்று ஏறியிருப்பதால் கீழே இருப்பதைச் சொடுக்கினால் மேலே இருப்பது மாட்டும். ஆல்ட் + எஃப்10 அழுத்தினால் செலக்‌ஷன் பேன் திறக்கும், அங்கே பெயரைச் சொடுக்கித் தேர்ந்தெடுக்கலாம். பெட்டிகளுக்கு 1, 2, 3 என்று பெயர் வைத்துவிடுவது உத்தமம்.

வேர்ட்ஆர்ட்டில் டிரான்ஸ்ஃபார்ம் போட்டு இழுத்து உயரம் சரிசெய்கிறவர்கள் உண்டு. வேண்டாம். நீட்டினால் நெடுக்குக் கோட்டின் தடிமன் ஒன்றும் படுக்கைக் கோட்டின் தடிமன் ஒன்றுமாகி, ‘ய’வும் ‘ப’வும் வேறு வேறு எழுத்துரு மாதிரி நிற்கும். உயரம் மாற வேண்டுமென்றால் பாயின்ட்டை மாற்றுங்கள். 147இல் 25 மி.மீ. என்றால் 30க்கு 147 × 30 ÷ 25 = 176.4. வேர்ட் அரைப் பாயின்ட் வரைதான் ஏற்கும், எனவே 176.5.


கட்டற்ற மேசை எழுதியது:

லிப்ரே ஆபீஸ் வைத்திருப்பவர்களுக்காக. ரைட்டரில் ஃபார்மேட், பாராகிராஃப், இன்டென்ட்ஸ் அண்ட் ஸ்பேசிங். அங்கே ப்ரொபோர்ஷனல் என்பது வேர்டின் மல்டிபிள், சதவீதத்தில் இருக்கும். ஃபிக்ஸ்டு என்பது எக்ஸாக்ட்லி. ஃபிக்ஸ்டு இங்கேயும் தலையை வெட்டும். லீடிங் என்று ஒன்று இருக்கிறது, அது இயல்பு உயரத்தோடு கூட்டத்தான் செய்யும், குறைக்காது. ஆகவே இந்த வேலைக்கு அது வேண்டாம்.

முதல் குழப்பம் எல்லோருக்கும் ஒன்றுதான்: பாயின்ட்டை மாற்றினேன், எழுத்து மாறவில்லை. தமிழ் இங்கே கம்ப்ளெக்ஸ் டெக்ஸ்ட் லேஅவுட் கணக்கில் வரும். ஸ்டைலிலோ கேரக்டர் பெட்டியிலோ மாற்றும்போது மேற்கத்திய எழுத்துக்கு ஓர் அளவு, தமிழுக்கு இன்னோர் அளவு. இரண்டாவதை மாற்ற வேண்டும். வேர்டின் ஃபான்ட் பெட்டியிலும் (கன்ட்ரோல் + டி) கம்ப்ளெக்ஸ் ஸ்கிரிப்ட்ஸ் என்று தனிப் பகுதி இருந்தால் இதே கதைதான்.

ஆனால் எழுத்து வெட்டும் வேலைக்கு ரைட்டரே வேண்டாம் என்பேன். அதே தொகுப்பில் இருக்கும் ட்ராவைத் திறங்கள். ஒவ்வொரு சொல்லையும் தனி டெக்ஸ்ட் பாக்ஸாக அடித்து, ரைட் கிளிக், கன்வர்ட், டூ கர்வ். இனி அது எழுத்து இல்லை, வெறும் கோடு. எழுத்துரு ஒதுக்கிய வெற்று இடம் உதிர்ந்துவிடும், வரி இடைவெளி என்ற பேச்சுக்கே இடமில்லை. எஃப்4 அழுத்தினால் இடமும் அளவும் மி.மீ.இல் வரும். காட்டும் உயரம் புள்ளியின் உச்சி முதல் வாலின் நுனி வரை உள்ள நிஜ உயரம். கீப் ரேஷியோ டிக் போட்டுவிட்டு அளவை மாற்றுங்கள். ஏரியாவுக்கு நன், லைனுக்கு 0.1 மி.மீ. கொடுத்தால் வெட்டுவதற்கான வெளிக்கோடு தயார். கன்வர்ட் செய்வதற்கு முன் ஒரு நகலை ஓரமாக வைத்துக்கொள்ளுங்கள், எழுத்துப்பிழை இருந்தால் பிறகு திருத்த முடியாது. ‘வாழ்த்துகள்’ளா ‘வாழ்த்துக்கள்’ளா என்ற சண்டையையும் அதற்கு முன்பே முடித்துக்கொள்வது நல்லது.

கவனிக்க வேண்டிய இன்னொன்று: ஒவ்வொரு சொல்லின் பெட்டியும் இப்போது வேறு வேறு உயரம். ‘இனிய’வுக்கு வால் இல்லை, ‘பிறந்தநாள்’ளுக்கு இருக்கிறது. மேல் விளிம்பு கணக்கில் 44, 49 வைத்தால் தவறிவிடும். ‘ப’ உட்காரும் கோடு எங்கே வர வேண்டுமோ அங்கே மூன்று வழிகாட்டிக் கோடுகளை ரூலரிலிருந்து இழுத்துப் போட்டு, அதில் எழுத்தை உட்கார வையுங்கள்.


பிரின்ட் மேசை எழுதியது:

மேலே எல்லோரும் சொன்ன மி.மீ. எல்லாம் பிரின்டரில் ஒரே ஒரு டிக்கினால் கெட்டுப்போகும். அடோபி ரீடரில் ஃபிட் என்று இருந்தால் பக்கத்தைச் சுருக்கித்தான் அச்சிடும். 97 சதவீதம் ஆனது என்று வையுங்கள். 25 மி.மீ. எழுத்து 24.25 ஆகும், 49 மி.மீ. 47.5 ஆகும். ஆக்சுவல் சைஸ் தேர்ந்தெடுங்கள். வேர்டிலிருந்து நேராக அச்சிட்டால் ஸ்கேல் டு பேப்பர் சைஸில் நோ ஸ்கேலிங். ஃபைல், ஆப்ஷன்ஸ், அட்வான்ஸ்டு, அதில் பிரின்ட் பகுதியில் ஏ4க்கும் லெட்டர் தாளுக்கும் ஏற்பச் சுருக்கும் டிக் ஒன்று இருக்கும், அதை எடுத்துவிடுங்கள். லெட்டர் தாள் 215.9க்கு 279.4 மி.மீ. ஆவணம் அந்த அளவில் இருந்து தாள் ஏ4 ஆனால் சத்தமில்லாமல் அளவு மாறும்.

தாளின் ஓரத்தில் 100 மி.மீ. நீளத்துக்கு ஒரு கோடு போட்டு வையுங்கள் (ஷேப்ஸில் லைன், அகலம் 10 செ.மீ.). தாள் வெளியே வந்ததும் ஸ்கேலை முதலில் அதன்மேல் வையுங்கள். 100 இருந்தால்தான் கத்தியைத் தொட வேண்டும்.

வெளியே கடையில் அச்சிடக் கொடுப்பதானால் வேர்ட் கோப்பைக் கொடுக்காதீர்கள். அந்தக் கணினியில் உங்கள் எழுத்துரு இல்லாவிட்டால் வேறொன்று வந்து உட்காரும், அதன் இயல்பு உயரம் வேறு, வரிகள் எல்லாம் இடம் மாறும். பிடிஎஃப்பாகச் சேமித்துக் கொடுத்தால் எழுத்துரு உள்ளேயே போய்விடும். பாமினி போன்ற பழைய எழுத்துருக்களில் அடிப்பவர்களுக்கு இது இரண்டு மடங்கு முக்கியம், எழுத்துரு இல்லாத கணினியில் தமிழுக்குப் பதில் ஆங்கிலக் கிறுக்கல்தான் தெரியும். பாமினியில் புள்ளி தனி எழுத்தாக அடிக்கப்படுவதால், எழுத்துகளுக்கு நடுவே இடைவெளி கூட்ட கேரக்டர் ஸ்பேசிங்கை எக்ஸ்பாண்டட் ஆக்கினால் புள்ளி தன் எழுத்தைவிட்டு வலப்பக்கம் நகர்ந்துவிடும். வரி இடைவெளியைச் சரிசெய்துவிட்டு இதில் கோட்டைவிடாதீர்கள்.

மையை மிச்சம் பிடிக்க வெளிக்கோடு மட்டும் அச்சிடலாம். ஃபான்ட் பெட்டியில் டெக்ஸ்ட் எஃபெக்ட்ஸ், டெக்ஸ்ட் ஃபில் நோ ஃபில், டெக்ஸ்ட் அவுட்லைன் சாலிட் லைன், தடிமன் 0.5 பாயின்ட். 0.5 பாயின்ட் என்பது 0.18 மி.மீ., கோட்டின்மேல் வெட்டினாலும் உயரத்தில் வித்தியாசம் தெரியாது. சில எழுத்துருக்களில் எழுத்தின் பாகங்கள் ஒன்றன்மேல் ஒன்று ஏறியபடி வரையப்பட்டிருக்கும். அங்கே வெளிக்கோட்டில் குறுக்கே கோடு ஓடும். அதைக் கத்தியால் தொடரக்கூடாது, பென்சிலால் அடித்துவிடுங்கள்.

இரண்டாவது பக்கம் ஒன்று வெறுமையாக வந்தால் பயப்பட வேண்டாம். டெக்ஸ்ட் பாக்ஸ்களுக்குப் பின்னால் கிடக்கும் காலிப் பத்திக் குறிகள் 147 பாயின்ட்டில் இருக்கின்றன என்று அர்த்தம். கன்ட்ரோல் + ஷிஃப்ட் + 8 அழுத்தினால் குறிகள் தெரியும், தேவையில்லாததை அழித்து மிச்சத்தை 1 பாயின்ட் ஆக்குங்கள்.


நூல்கண்டு எழுதியது:

டெக்ஸ்ட் பாக்ஸ் முறை வேலை செய்துவிட்டது. மூன்று வரியும் ஒரே தாளில், புள்ளிகள் முழுசாக, 100 மி.மீ. கோடும் 100. 44, 49 கண்ணுக்குச் சமமாகவே தெரிகிறது. கடைசி சந்தேகம்: கிளிட்டர் பக்கத்தில் பேனா நிற்காது, பின்பக்கம்தான் வரைய வேண்டும். அப்படியானால் எழுத்து இடவலம் மாறித் திரும்பி வேண்டுமே, இதே பெட்டிகளைத் திருப்ப முடியுமா?


மூலைமட்டம் எழுதியது:

முடியும். கோப்பை வேறு பெயரில் சேமித்துவிட்டு, பெட்டியைத் தேர்ந்து ஃபார்மேட் ஷேப், எஃபெக்ட்ஸ், 3டி ரொட்டேஷன், எக்ஸ் ரொட்டேஷன் 180 டிகிரி. எழுத்து கண்ணாடியில் பார்ப்பதுபோலத் திரும்பும். மூன்று பெட்டிக்கும் தனித்தனியாகச் செய்யுங்கள். இந்தத் தாள் வெட்டுவதற்கு மட்டும். ஒட்டும்போது இடம் பார்ப்பது நேரான தாளில்தான், இரண்டையும் கலந்துவிடாமல் மூலையில் ‘வெட்ட’, ‘ஒட்ட’ என்று எழுதிவையுங்கள்.

நேரான தாளை பட்டர் பேப்பரில் அச்சிட்டால் இன்னொரு வசதி. அதன் மேல் விளிம்பை மட்டும் போர்டில் மாஸ்கிங் டேப்பால் ஒட்டினால் கதவுபோலத் தூக்கி இறக்கலாம். தாளை இறக்கிய நிலையில் எழுத்தை அடியில் நுழைத்து, மேலே தெரியும் கோட்டோடு பொருத்தி, தாளைத் தூக்கிவிட்டுப் பசை வைத்து அழுத்துங்கள். வெல்வெட்டில் கார்பன் கோடு சரியாகப் பதியாது, இதுதான் வழி.


இரும்பு ஸ்கேல் எழுதியது:

வெட்டுவதற்கு முன் துண்டுகளை எண்ணிக்கொள்ளுங்கள். மூன்று வரியிலும் எழுத்து 15. ஆனால் புள்ளி ஐந்தும் (‘பிறந்தநாள்’ளில் இரண்டு, ‘வாழ்த்துகள்’ளில் மூன்று) ‘நா’, ‘வா’ இரண்டின் கால்களும் எழுத்தோடு ஒட்டாமல் தனியாக நிற்கும். ஆக 22 துண்டு. ஒவ்வொன்றின் பின்னாலும் வரி எண்ணும் வரிசை எண்ணும் எழுதுங்கள், ‘ள்’ இரண்டு இருக்கிறது.

உள்சுழியை முதலில் வெட்டுங்கள், வெளிவிளிம்பைக் கடைசியில். ஷீட் பெரிதாக இருக்கும்போதுதான் அது கைக்கு அடங்கி நிற்கும். வெளிவிளிம்பை முதலில் அறுத்துவிட்டால் ‘இ’யின் சுழிக்குள் கத்தி திரும்பும்போது எழுத்தே நெளியும். 2 மி.மீ. ஃபோமை ஒரே அழுத்தில் அறுக்கப் பார்க்காமல் இரண்டு முறை ஓட்டுங்கள், கத்தி செங்குத்தாக நிற்கட்டும். சாய்ந்தால் கிளிட்டர் பக்கத்தில் எழுத்து மெலிந்தோ பெருத்தோ போகும், பின்பக்கம் வரைந்த கோடு சரியாக இருந்தும் முன்பக்கம் பிசகும்.

புள்ளியைக் கத்தியால் வட்டமாக வெட்ட முயலாதீர்கள். ஆபீஸ் பஞ்சிங் மெஷினின் துளை 6 மி.மீ.தான், உங்கள் புள்ளிக்கு அளவு பொருந்தலாம். ஆனால் ஃபோமை அது நசுக்கும், ஓரம் பிசிறும். தோல் வேலைக்கு விற்கும் குழாய் பஞ்சை மரத்துண்டின்மேல் வைத்துச் சுத்தியலால் ஒரு தட்டு, அவ்வளவுதான். ஐந்தும் ஒரே அளவில் வரும். இரண்டு கூடுதலாகத் தட்டி வைத்துக்கொள்ளுங்கள், புள்ளி தொலைவதுதான் வழக்கம்.